சும்மா நடக்கியோம்

ஏற்றக்கோட்டில் பஸ் இறக்கிவிட்டபோது
மணி ஆறேமுக்கால்.
றோஸ்லெட்டுக்கு முட்டு மாற்றி ஐந்து மாதம்.
ஏறக் கூடாது, இறங்கக் கூடாது, நடக்க வேண்டும்
என்று டாக்டர் தாளிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்.
தண்ணீர் போகிற வழியைவிடச் சமமான வழி
இந்த ஜில்லாவில் ஏது?
சானல் கரையைப் பிடித்தோம்.

ராத்திரி மழை
ரப்பர் மரங்களின் பிளாஸ்டிக் பாவாடை நுனியில்
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன.
இன்றைக்கு வெட்டில்லை.
ஒட்டுப்பால் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தினோம்,
அரை மைல் தாண்டியதும் மறந்துபோனோம்.

முதல் கேள்வி தண்ணீருக்குள்ளிருந்து வந்தது.
கழுத்தளவில் நின்று
தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்:
"வஸ்து பாக்கவா வந்திய?"
"இல்ல. சும்மா நடக்கியோம்."
சோப்புப் போட்ட கை நின்றுவிட்டது.
"ரோட்டோரம் சென்டு நாலு சொல்லுகான். குடுக்காதிய."

குருசடிப் பக்கம் மெழுகுதிரி விற்றவள்
சபைக்காரர்களா என்றாள்.
சைக்கிளில் மரச்சீனி கட்டிப் போனவர்
இறங்கி நின்று, கணக்கெடுப்பா என்றார்.
மதிலில் உட்கார்ந்திருந்த பொடியன்
பல் விழுந்த வாயால் இரக்கமாய்க் கேட்டான்:
"வழி தெத்திப்போச்சா?"

சும்மா,
எங்கள் கையிலிருந்த ஒரே நோட்டு,
இந்தக் கரையில் யாரும் வாங்கவில்லை.

அடுத்த வளைவில் றோஸ்லெட் பொய் சொன்னாள்,
"தொட்டிப்பாலத்துக்குக் கீழ. ஒரு சாவு விசாரிக்க."
பாத்திரம் கழுவியவர்கள் மூன்று பேரும் எழுந்தார்கள்.
"எந்த வீடு? ஆருக்கு?
நேத்து ராத்திரியா? நம்ம வேலப்பனுக்கா?"
வேலப்பன் எங்களால் செத்துப்போய்
ஐந்து நிமிடம் ஆகி,
போன் போட்டு, உயிரோடு எடுத்து,
எங்களையும் ஒருமாதிரி மன்னித்த பிறகு
நைட்டிமேல் துவர்த்து போட்டிருந்தவள் சொன்னாள்:
"எப்பிடியும் அங்கதான போறிய.
அவரு கண்ணாடிய இங்க வச்சிட்டுப் போனாரு.
கொண்டு குடுத்திருங்கோ."
கண்ணாடியோடு அரைச் சக்கையும் வந்தது.
சக்கை என் தோளுக்கு,
கண்ணாடி றோஸ்லெட்டின் கைப்பைக்கு.

அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.
சக்கை சுமப்பவளிடம் என்ன கேட்க?
வழிவிட்டார்கள்.
ஒருவர், தோள் மாற்றிப் பிடி பிள்ளே என்றார்.

தொட்டிப்பாலத்தில் சானல் எங்களைக் கைவிட்டது.
கால் நனையாமல் அது
வானத்து வழியே அடுத்த மலைக்கு நடந்தது.
மேலே கூடவே போக எங்களுக்கும் வழி இருந்தது,
சமமாக, கைப்பிடிச் சுவரோடு.
வேலப்பன் வீடுதான் கீழே.
டாக்டர் தாளில் இல்லாத படிகளை
றோஸ்லெட் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
பிறகு நண்டு மாதிரி பக்கவாட்டில்
ஒவ்வொன்றாய் இறங்கினாள்,
எண்ணிக்கொண்டே. எழுபதில் எண்ணம் தப்பியது.
திட்டினாள், என்னை அல்ல, வேலப்பனை.

வேலப்பன் கண்ணாடியை வேட்டியில் துடைத்துப் போட்டு
எங்கள் முகத்துக்கு மிக அருகில் வந்து
நிதானமாகக் கேட்டார்:
"ஆராக்கும் நீங்க?"
சொன்னோம். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.
கட்டன் சாயா கொடுத்தார்.
தான் செத்த கதையை
எங்களிடமே இரண்டு தரம் சொல்லிச் சிரித்தார்.

பின்பக்கம் பரளியாறு.
பாறையில் உட்கார்ந்து காலை விட்டோம்.
புது முட்டும் பழைய முட்டும்
தண்ணீருக்கடியில் ஒரே மாதிரி வெளுத்துத் தெரிந்தன.
எதிர்க்கரைப் பாக்குமரத்தில் ஒரு மீன்கொத்தி
வேலை இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது.
தலைக்கு மேலே, மிக உயரத்தில்,
நாங்கள் கூட வந்த தண்ணீர்
சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
ஏறுவதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

தோளில் ஒட்டிய சக்கைப்பால்
தேங்காயெண்ணெய்க்கும் மூன்று நாள் மசியவில்லை.
ஆபீசில் கேட்டார்கள், என்ன அது என்று.
சும்மா, என்றேன்.